புழுவுக்குள் ஒரு குடித்தனம்

எங்கள் ஆச்சியிடம் இரண்டு அளவில் செருப்பு இருந்தது. வலது கால் செருப்பு கடையில் வாங்கியது. இடது காலுக்கு மட்டும் கோட்டாற்றில் செருப்பு தைக்கும் ஒருவர் பழைய டயரை அறுத்து, மேலே அகலமாக வார் வைத்துச் செய்துகொடுத்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தச் செருப்பை வாசலில் எல்லோரும் கழற்றும் இடத்தில் விடமாட்டாள். சேலை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் வைத்துவிட்டு வருவாள்.

ஆச்சிக்கு யானைக்கால். ஈத்தாமொழிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே இருந்தவள். தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் தொண்டு என்போம். அதை அழுகப்போடும் குழிகள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. மாதக்கணக்கில் தொண்டு ஊறிக் கறுத்துப்போன அந்தத் தண்ணீரின் நாற்றம் எனக்கு இன்றைக்கும் பாட்டி வீட்டு வாசனைதான். கியூலெக்ஸ் கொசுவுக்கு அப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீர்தான் வேண்டும். யானைக்கால் புழுவைச் சுமந்து வருவதும் அந்தக் கொசுதான்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடமாக நுண்ணோக்கியில் குனிந்து பழகிய கண். ஆச்சியின் காலுக்குள் என்ன நடந்தது என்று முழுதாக எனக்குப் புரிந்தது அவள் போய்ப் பல வருடம் கழித்துத்தான். புரிந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதில் கிடந்தது.

அம்மா சொல்லும் ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறைக்காரர்கள் டார்ச் அடித்துக்கொண்டு தோப்பு வழியாக வருவார்களாம். தூங்கிக்கொண்டிருக்கும் ஆட்களை எழுப்பி, விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போவார்கள். பகலில் வராமல் ராத்திரி ஏன் வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ரத்தத்தை எங்கோ கொண்டுபோய் விற்கிறார்கள் என்று பேச்சு. பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த தாய்மார் உண்டு.

காரணம் புழுவிடம் இருந்தது. வளர்ந்த யானைக்கால் புழு நிணநீர்க் குழாய்களுக்குள் நூல் போலச் சுருண்டு கிடக்கும். பெண் புழு எட்டு, பத்து சென்டிமீட்டர் நீளம் வரும். அது ஈனும் குஞ்சுகளைத்தான் நுண்புழு என்கிறோம். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் இருக்கும். பகலெல்லாம் அவை நுரையீரலின் ரத்தக் குழாய்களில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணிக்குள் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடும். கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுதான். பகலில் ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் சீனாவின் அமோய் துறைமுகத்தில், புழு இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்து, புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-இல் கண்டார். ராத்திரிக் கணக்கையும் அவர்தான் பின்னர் எழுதினார். நோயைப் பூச்சி சுமக்கிறது என்ற அறிவே அங்கிருந்துதான் வளர்ந்தது.

எங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூரின் யானைக்கால் நோயைப் பற்றி எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற பூச்சியியலாளர் செய்த பெரிய ஆய்வு 1938-இல் வெளிவந்தது. மலையாளத்தில் இந்த நோய்க்கு மந்து என்று பெயர். இன்றைய கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் இருந்தது வேறு புழு, அதைச் சுமந்தது வேறு கொசு. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தி, அதிலிருந்து மூச்சு வாங்கும் கொசுப்புழு அது. தண்ணீருக்கு மேலே வரவே வராது.

படிக்கிற காலத்தில் அந்த இரண்டு புழுக்களையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். தடித்த ரத்தப் பூச்சை உலரவிட்டு, தண்ணீரில் போட்டுச் சிவப்பை நீக்கி, ஜீம்சா சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும். மங்கலான ரோஜா நிறத்துக்கு நடுவே நுண்புழு ஒரு கையெழுத்துச் சுழிப்பு மாதிரி கிடக்கும். உடல் முழுக்க ஊதாப் புள்ளிகள். வால் நுனியைத் தேட வேண்டும். புள்ளிகள் நுனிவரை போகாமல் முன்னாலேயே நின்றுவிட்டால் அது எங்கள் பக்கத்துப் புழு. நுனியில் தனியாக இரண்டு புள்ளிகள் நின்றால் சேர்த்தலைப் புழு. முதன்முதலாக அந்த வெறும் வால் நுனியைக் கண்டபோது எனக்கு ஆச்சியின் டயர் செருப்புதான் நினைவுக்கு வந்தது. இத்தனை சிறிய ஒன்றுக்காகவா அவள் வாழ்நாள் முழுக்கச் சேலையைத் தழையத் தழையக் கட்டினாள் என்று தொண்டை அடைத்தது.

அந்தச் சாயத்தில் எனக்குத் தெரியாமல் போனது ஒன்று உண்டு. அந்தப் புழுவுக்குள்ளும் ஓர் உயிர் இருந்தது.

1970-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யானைக்கால் குடும்பத்துப் புழுக்களைப் பார்த்தவர்கள், புழுவின் தோலுக்கு அடியிலும் கருப்பையிலும் பாக்டீரியா போன்ற உருண்டைகள் இருப்பதைக் குறித்து வைத்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995-இல் நாய்களின் இதயப் புழுவை ஆராய்ந்தவர்கள், அது வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் உறவுதான் என்று மரபணுவைக் கொண்டு காட்டினார்கள். யானைக்கால் புழுவிலும் அதே குடும்பம் இருந்தது.

புழு இல்லாமல் இந்த பாக்டீரியா இல்லை. பாக்டீரியா இல்லாமல் இந்தப் புழுவும் இல்லை. புழுவால் தானாகச் செய்துகொள்ள முடியாத ஹீம், ரிபோஃப்ளேவின் போன்ற சத்துகளைச் செய்யும் மரபணுக்கள் இந்த பாக்டீரியாவிடம் இருக்கின்றன. பதிலுக்குப் புழு அதற்கு இடமும் உணவும் கொடுக்கிறது. தாய்ப் புழுவின் முட்டை வழியாக அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆச்சியின் காலுக்குள் புழு குடியிருந்தது, புழுவுக்குள் இது குடியிருந்தது.

சரி, இது தெரிந்து என்ன ஆகும்? வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து அரிது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எந்த மருந்துக் கடையிலும் உண்டு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தினமும் 200 மில்லிகிராம் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்தால், புழுவுக்குள் இருக்கும் வோல்பாக்கியா அழிந்துபோகிறது. அப்புறம் பெண் புழு மலடாகிறது. குஞ்சு ஈனுவது நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு வருடத்தில் வளர்ந்த புழுவும் மெல்லச் செத்துப்போகிறது. ஆப்பிரிக்காவில் கண்ணைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டு நோய்ப் புழுவிலும் இதே கதைதான். கானாவில் நடந்த சோதனையில் அந்தப் புழு மலடானது 2000-இல் வெளிவந்தது. அதே குடும்பத்தில் லோவா லோவா என்று ஒரு புழு உண்டு. அதற்குள் வோல்பாக்கியா கிடையாது. டாக்ஸிசைக்ளின் அதை ஒன்றும் செய்வதில்லை.

2021 நவம்பரில் எங்கள் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தபோது, வயல் தண்ணீரில் நின்று வேலை பார்த்த என் தம்பிக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க மருத்துவர் எழுதிக்கொடுத்தது இதே டாக்ஸிசைக்ளின்தான். சாப்பாட்டு மேசையில் அந்த அட்டை கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி உயிரோடு இருந்தபோதே உலகத்தில் இருந்த மருந்து இது. எதற்காகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வீங்கிக் கட்டியாகிவிட்ட காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. ஊர் முழுக்க எல்லோருக்கும் ஆறு வாரம் கொடுக்கவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் ஆகாது. அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கே கொடுக்க டிஇசி, அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரைகளையே நம்பினார்கள். அந்த மாத்திரையைப் பற்றியும் எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மாத்திரை விழுங்கிய அன்று ராத்திரி ஆச்சிக்குக் காய்ச்சலும் குளிரும் தலைச்சுற்றலும் வந்துவிட்டன. "சும்மா கெடந்த எனக்குக் காய்ச்சலைக் குடுத்திட்டானுவ" என்று புலம்பினாளாம். அடுத்த வருடம் கொடுத்ததைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டாள். அந்தத் தெருவில் அப்படி எறியாத வீடு குறைவு என்கிறாள் அம்மா.

அந்தக் காய்ச்சல் ஏன் வந்தது? மருந்து பட்டுப் புழுக்கள் சாகும்போது உடல் அதற்கு எதிராகக் கொதிக்கிறது. செத்த புழுவிலிருந்து ரத்தத்தில் சிதறும் வோல்பாக்கியாவும் அந்தக் கொதிப்புக்கு ஒரு காரணம் என்று இப்போது சொல்கிறார்கள். காய்ச்சல் வந்தது மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். இதை ஆச்சியிடம் அன்றைக்கு யாராவது திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருந்தால் அவள் எறிந்திருக்கமாட்டாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவள் அறிவில்லாதவள் இல்லை. அவளுக்குக் காரணம் சொல்லப்படவில்லை.

இதில் என்னை அதிகம் அசத்தியது வேறொன்று. வோல்பாக்கியாவை உலகம் முதலில் கண்டது புழுவில் இல்லை, கொசுவில். 1924-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஹெர்ட்டிக், பர்ட் வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் இனப்பெருக்க உறுப்புக்குள் இதைப் பார்த்தார்கள். 1936-இல் ஹெர்ட்டிக் தன்னோடு ஆராய்ந்தவரின் பெயரையே இதற்கு வைத்தார். ஆச்சியைக் கடித்த தொண்டுக் குழிக் கொசுவுக்குள்ளும் ஒரு வோல்பாக்கியா இருந்தது, அது இறக்கிவிட்ட புழுவுக்குள்ளும் ஒரு வோல்பாக்கியா இருந்தது. இரண்டும் ஒன்றல்ல, கொசுவிடமிருந்து புழுவுக்குத் தொற்றுவதும் இல்லை. எப்போதோ பிரிந்துபோன பங்காளிகள். புழுவுக்குள் இருப்பது உழைத்துக் கொடுக்கிறது. கொசுவுக்குள் இருப்பது தன் வம்சத்தைப் பெருக்குவதற்காகக் கொசுவின் கல்யாணத்திலேயே கை வைக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். வோல்பாக்கியா தாய் வழியாக மட்டும்தான் போகும். முட்டையில் இடம் உண்டு, விந்தணுவில் இடமில்லை. நாஞ்சில் நாட்டில் முன்பு மருமக்கள்வழி இருந்ததே, சொத்து பெண்வழியில்தான் இறங்கும், மகனுக்குக் கிடையாது. கிட்டத்தட்ட அந்த முறை. ஆண் கொசுவுக்குள் மாட்டிக்கொண்ட வோல்பாக்கியாவுக்கு வாரிசு இல்லை. ஆனால் அது சும்மா இருப்பதில்லை, ஆணின் விந்தணுவில் ஒரு பூட்டைப் போட்டுவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குப் பொருந்தும் வகை வோல்பாக்கியா உள்ள பெண்ணின் முட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வோல்பாக்கியா இல்லாத பெண்ணோடோ, பொருந்தாத வகை உள்ள பெண்ணோடோ அந்த ஆண் சேர்ந்தால் முட்டை பொரியாது. வோல்பாக்கியா உள்ள பெண், அதே வகை உள்ள ஆணோடு சேர்ந்தாலும் ஒன்றும் இல்லாத ஆணோடு சேர்ந்தாலும் அவள் முட்டை பொரியும். தலைமுறைக்குத் தலைமுறை எந்தப் பெண்களின் வம்சம் பெருகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பூட்டை வைத்தே கொசுவை ஒழிக்கலாம் என்று, பூட்டு யாருடையது என்று தெரிவதற்கு முன்பே ஒருவர் செய்து காட்டினார். ஹான்ஸ் லாவன் என்ற ஜெர்மானியர், பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத ஆண் கொசுக்களைத் தொடர்ந்து விட்டு, சில மாதங்களில் அங்கிருந்த கியூலெக்ஸை இல்லாமல் ஆக்கினார். 1967-இல் அது வெளிவந்தது. அதெல்லாம் வோல்பாக்கியாவின் வேலை என்று தெரிந்தது 1971-இல். அந்தக் கிராமமும் யானைக்கால் கொசுவின் கிராமம்தான்.

அப்போதே இந்தியாவிலும் இதைத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தில்லியில் ஓர் ஆய்வுப் பிரிவு நடத்தின. உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்பி, 1975-இல் சோனிபத்தில் கொசு விடும் ஏற்பாடு கடைசி நேரத்தில் நின்றுபோனது. எனக்கு அதைப் படிக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்ட அம்மாவின் தோழிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்திக்கு இயற்கையில் வோல்பாக்கியா கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீலின் குழு, பழ ஈயிலிருந்து அதை எடுத்து, ஏடிஸின் முட்டைக்குள் தலைமுடியை விட மெல்லிய ஊசியால் ஏற்ற வருடக்கணக்கில் முயன்றது. முட்டைகள் ஆயிரக்கணக்கில் வீணாயின. கடைசியில் ஏறியது. ஏறிய பிறகுதான் பெரிய வரம் தெரிந்தது. வோல்பாக்கியா உள்ள ஏடிஸுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. அதனால் இங்கே கொசுவை ஒழிக்க வேண்டியதில்லை, மாற்றினால் போதும். 2011-இல் கெய்ன்ஸ் நகரத்துப் புறநகர்களில் முதலில் விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12-இல் மட்டும் விட்டுப் பார்த்தபோது, விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது. 2021-இல் வந்த அந்த முடிவை நான் மூன்று முறை படித்தேன். மழைக்காலத்தில் தட்டணு எண்ணி எண்ணிக் கண் எரிந்து, "இருபதாயிரம்" என்று காகிதத்தில் எழுதும்போது வெளியே நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது வெறும் விழுக்காடு இல்லை.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வோல்பாக்கியா கொசுக்களை உள்ளூர் ஏடிஸோடு கலந்து, நம் வெயிலுக்குப் பழகிய வகைகளை உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தது. ஊருக்குள் விடுவதற்கு அரசின் அனுமதிகள் வேண்டும். அனுமதி கிடைக்கிற நாளில், கொசு விடுகிறவர்கள் வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் வேண்டுதல். இதில் கடிக்கும் பெண் கொசுவையும் சேர்த்துத்தான் விடுவார்கள். சொல்லாமல் விட்டால் எங்கள் ஊரில் ஒருத்தர் விடமாட்டார்.

இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு போன ஆடி மாதம் திற்பரப்புப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் நாற்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். மழை விடாததால் நாலைந்து நாளாக வெட்டு இல்லை. மரத்துக்கு மரம் கம்பியில் சிரட்டை தொங்குகிறது. கவிழ்த்து வைக்காத சிரட்டைகளில் தண்ணீர், தண்ணீரில் அழுகிய இலை, அந்த இலைக்கு மேலும் கீழும் கொசுப்புழு. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். நிழல் விழுந்ததும் எல்லாம் உடலை மடக்கி மடக்கி அடிக்கு ஓடின. சிரட்டையின் உள்சுவரில், தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்பாக முட்டைகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாத முட்டைகள். என் முழங்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடல், முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு. ஏடிஸ் அல்போபிக்டஸ்.

2007-இல் சித்தப்பாவைச் சிக்குன்குனியா படுக்க வைத்தது இந்தக் கொசுவாகத்தான் இருக்கும். மூன்று மாதம் விரலை மடக்கிக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. அந்த வருடம் கேரளத்தில் பரவிய வைரஸில் ஒரு சின்ன மாற்றம் நிகழ்ந்திருந்தது. அதனால்தான் அது இந்த ரப்பர் தோட்டத்துக் கொசுவுக்குள் அத்தனை எளிதாகப் பெருகியது.

நடந்தபடியே அவரிடம் வோல்பாக்கியா கதையைச் சொன்னேன். ஆச்சியின் காலில் தொடங்கி யோக்யகர்த்தா வரை சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தவர், என் முழங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பம் இந்தக் கொசுவுக்குள்ளயும் அது கெடக்கா மக்களே?"

"கெடக்கு சித்தப்பா. ரெண்டு வகை கெடக்கு. பிறவியிலேயே உண்டு."

"பின்னே இது ஏன் காய்ச்சலைப் பரப்புது?"

சரியான கேள்வி. காலம்காலமாகச் சேர்ந்தே இருந்து பழகிய வோல்பாக்கியா, வைரஸைத் தடுக்கும் அளவுக்கு இந்தக் கொசுவை மாற்றுவதில்லை. புதிதாக ஏற்றப்பட்டது செய்கிற வேலையை, பழகியது செய்வதில்லை. புதுச்சேரிக் கொசு வந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் எஜிப்திக்குத்தான் பதில். தோட்டத்தில் இருக்கும் இதற்கு இல்லை. சீனாவின் குவாங்சோவில், மூன்றாவதாக ஒரு வோல்பாக்கியாவை ஏற்றிய ஆண் கொசுக்களைக் கோடிக்கணக்கில் விட்டு, இரண்டு ஆற்றுத் தீவுகளில் அல்போபிக்டஸை ஏறக்குறைய இல்லாமல் செய்தார்கள். 2019-இல் அது வந்தது. அவை தீவுகள், சுற்றிலும் தண்ணீர். எங்கள் தோட்டங்களோ பேச்சிப்பாறை மலையடிவாரம் வரைக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

நான் சொல்லி முடித்ததும் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பியிலிருந்து சிரட்டையைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திச் சுற்றிவரத் தேய்த்தார், கறுப்புப் பொடி அவர் விரலோடு வந்தது. சிரட்டையைக் கவிழ்த்துக் கம்பியில் செருகிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அந்த வரிசையில் நூற்றுக்கு மேல் மரம் இருந்தது. நான் எதிர்ப்பக்கத்து வரிசையில் தொடங்கினேன்.